நடுவழியில் ஏறுபவர்கள்

மாட்டுத்தாவணியில் ஏறுகிறவர் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் போட்டுவிடுவார். ஒத்தக்கடையில் கை காட்டி ஏறுகிறவர் மேலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இருவரும் டிக்கெட் வாங்குகிறார்கள், இருவரும் ஒரே ஊருக்குத்தான் போகிறார்கள். ஆனாலும் நடுவில் ஏறியவரைக் கண்டக்டர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்: "பின்னாடி வண்டி வருதுல்ல, அதுல வரக் கூடாதா?"

நம் பல்கலைக்கழகங்களும் இந்தக் கண்டக்டரைப் போலத்தான். முதலாண்டுச் சேர்க்கைக்குத் தமிழ்நாட்டில் இருக்கிற ஏற்பாடு பெரியது. தரவரிசை, கட் ஆஃப், கலந்தாய்வு, சுழற்சி முறை, இட ஒதுக்கீடு என்று ஆண்டுதோறும் மே மாதத்திலிருந்து செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஒரு கல்லூரியில் ஓராண்டோ ஈராண்டோ படித்துவிட்டு மீதியை வேறொரு கல்லூரியில், வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள். விதிப் புத்தகம் "உண்டு" என்கிறது. அலுவலக ஜன்னல் "பார்க்கலாம்" என்கிறது. இரண்டு சொல்லுக்கும் நடுவே பல பிள்ளைகளுக்கு ஒரு படிப்பாண்டே போய்விடுகிறது.

இதை எழுத ஒத்தக்கடை பொருத்தமான இடம். 1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இங்கே யானைமலையைப் பார்த்தபடி நிற்கிறது. மதுரைக்குப் போகும் வழியில், உலகனேரியில், 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. படிப்பும் வழக்கும் அடுத்தடுத்த நிறுத்தங்கள். ஜெராக்ஸ் கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும், இரண்டு வகைக் காகிதத்தையும் பார்த்துவிடலாம். சில நாள் அவை ஒரே கோப்பில் இருக்கும்.

யார் மாறுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். கல்லூரி மாறுகிறவன் என்றாலே "அங்க என்ன பண்ணினானோ" என்று கேட்பது நம் வழக்கம். நான் பார்த்தவரையில் பெரும்பாலானவர்கள் ஒன்றும் பண்ணவில்லை. இரண்டாம் ஆண்டுப் படிப்பின் நடுவில் கல்யாணமாகிப் புருஷன் ஊருக்குப் போகிற பெண் உண்டு. அப்பாவுக்கு மாற்றல் வந்த பிள்ளை உண்டு. வீட்டில் ஒருவர் படுத்துவிட, விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரியைத் தேடுகிறவர் உண்டு. விடுதியில் சாதியால் குத்தப்பட்டு, வெளியே சொல்ல முடியாமல் "க்ளைமேட் ஒத்துக்கல" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவரும் உண்டு. பதினேழு வயதில், கலந்தாய்வுத் திரையின் முன்னால், சொந்தக்காரர் சொன்ன பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பத்தொன்பது வயதில் இது தனக்கானதல்ல என்று உணர்கிறவர்கள் பெரிய கூட்டம். பதினேழு வயதில் எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்று எந்த நியாய நூலும் சொல்லவில்லை. சொல்வது நம் ஏற்பாடுதான்.

இது புதிய சங்கடமும் அல்ல. இராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றவற்றில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது வருகைப்பதிவு போதவில்லை. 1905-இல் பருவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 1906-இல் சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். கடைசியில் தனித்தேர்வராக எழுதியும் அன்றைய இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.வில் தேறவில்லை. அவர் கணித மேதை என்பதால் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வருகைப்பதிவுக் குறைவு, பிடித்துவைத்த சான்றிதழ், இரண்டாவது கல்லூரி, முடியாத பட்டம் என்ற இந்த வரிசையை மட்டும் எடுத்துப் பார்த்தால், இன்றைக்கு எந்தக் கல்லூரி அலுவலகத்திலும் காணக்கூடிய கதைதான்.

இன்னொருவர் வேறு விதமாகத் தாண்டினார். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடிக்கும் தறுவாயில்தான் தன் நாட்டம் பொறியியலில் என்று தெரிந்துகொண்டார். அவருக்கு வாய்த்த வழி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. சி. ராஜம் 1949-இல் தொடங்கிய அந்த நிறுவனம் பி.எஸ்ஸி. படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாண்டில் பொறியியல் கற்பித்தது. அதாவது, ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அன்றைக்குச் சேர்க்கைக்குத் தேவைப்பட்ட ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய அக்கா ஜொஹரா நகையை அடகு வைத்த செய்தி எல்லோருக்கும் தெரியும். அந்த நகை போய்ச் சேர்வதற்கு அப்படியொரு கதவு திறந்திருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் மாறிக்கொள்ளும்போது எந்தத் தடையும் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவானதும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த தென்மாவட்டக் கல்லூரிகள் இங்கே கைமாறின. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகள் மீண்டும் கைமாறின. மதுரையில் 2010-இல் தனியாக ஓர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பிறந்தது; 2012-இல் அது மறுபடி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. 2010-இல் இப்பக்கம் பொறியியல் சேர்ந்த பிள்ளை, இருந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலேயே, ஒரு பல்கலைக்கழகத்தில் நுழைந்து இன்னொன்றில் பட்டம் வாங்கிவிட்டது. பாடத்திட்டம் ஒத்துப்போகுமா, மதிப்பெண் செல்லுமா என்று யாரும் அதனிடம் தனிச் சான்றிதழ் கேட்கவில்லை. சட்டம் ஒன்று போதுமானதாக இருந்தது. அரசின் சட்டத்துக்கு முடிகிறது, அப்பாவின் மாற்றல் உத்தரவுக்கு முடிவதில்லை.

இனி நடைமுறை. ஒரே பல்கலைக்கழகத்தின் கீழுள்ள இரண்டு இணைவுக் கல்லூரிகளுக்கு இடையே மாறுவதுதான் இருப்பதில் எளிது. பாடத்திட்டம் ஒன்று, தேர்வு ஒன்று, பதிவெண் மட்டும் மாறும். அதற்கே இவ்வளவு வேண்டும்: போக விரும்பும் கல்லூரியில் அதே பாடப்பிரிவில், அதே ஆண்டில், காலியிடம் இருக்க வேண்டும். சேர்த்துக்கொள்ளத் தயார் என்று அந்த முதல்வர் எழுதித் தர வேண்டும். அனுப்பத் தடையில்லை என்று இந்த முதல்வர் எழுதித் தர வேண்டும். கலைக் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வித் துறைக்கும், பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்வித் துறைக்கும் கோப்பு போகும். பல்கலைக்கழகமும் ஒப்புதல் தர வேண்டும். இவ்வளவும் கல்வியாண்டின் தொடக்கத்தில், வகுப்பு நடக்க ஆரம்பித்துச் சில வாரங்களுக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் புதிய கல்லூரியில் முதல் நாளே வருகைப்பதிவுப் பள்ளத்தில் விழுந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். எழுபத்தைந்து சதவீதம் என்பது தாமதமான கோப்புக்காக இறங்கிவராது.

பல்கலைக்கழகமே மாறுகிறது என்றால் சங்கதி வேறு. இங்கே படித்த பாடமும் அங்கே உள்ள பாடமும் சமம்தானா என்று பாடத்திட்டக் குழு பார்க்கும். அதற்கு ஒவ்வொரு தாளின் பாடத்திட்ட நகலும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அறுபது எழுபது பக்கத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பேராசிரியர் முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த வெட்கம் தெரியும். அப்படியும் ஒத்துப்போகாத தாள்களை விடுபட்ட பாடம் என்று தனியாக எழுத வேண்டும். மூன்றாம் பருவத்துத் தாள்களோடு முதல் பருவத்துத் தாள் ஒன்றையும் சுமந்துகொண்டு, யாரும் நடத்தாத பாடத்துக்குத் தானே நோட்ஸ் தேடிப் படிக்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் சேர்ந்து, நடுவில் நின்று, திரும்பி வந்து 2021 ஒழுங்குமுறை வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு சான்றிதழ்கள். மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. வேறு பல்கலைக்கழகம் என்றால் இடப்பெயர்வுச் சான்றிதழ். நன்னடத்தைச் சான்று. முந்தைய பருவங்களின் மதிப்பெண் பட்டியல். முதலாண்டில் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்ட பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல்கள், சாதிச் சான்றிதழ். இவற்றில் சிக்கல் எப்போதும் டி.சி.யில்தான். ஒன்றைப் பெற்றோர்கள் அடிக்கடி தவறாகச் செய்கிறார்கள்: புதிய இடத்தில் எழுத்தில் ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பே இங்கே டி.சி. கேட்டுவிடுகிறார்கள். டி.சி. கையில் வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியின் மாணவரும் அல்ல. பஸ்ஸிலிருந்து இறங்கியாகிவிட்டது, அடுத்த வண்டி வரவில்லை என்கிற நிலை.

இந்த நடைமுறையை ஊன்றிப் பார்த்தால் ஒன்று விளங்கும். நம் ஏற்பாடு எண்ணிக்கொண்டிருப்பது இடத்தை. மாணவர் என்ன படித்தார் என்பதை அல்ல. "சீட் கிடைச்சிருச்சா?" என்றுதானே நாமும் கேட்கிறோம். "என்ன படிக்கப் போற?" என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. இடம் என்பது முதலாண்டில் ஒருமுறை பங்கிடப்பட்டுவிடுகிற சொத்து. ஒருவர் நடுவில் எழுந்து போனால் அவர் இருந்த இடம் பட்டம் முடியும்வரை காலி. சுயநிதிக் கல்லூரி ஒன்றின் கணக்கில் அது மீதி ஆண்டுகளின் கட்டணம் வராமல் போகும் ஓட்டை. அதனால்தான் "மீதி வருஷத்துக் கட்டணத்தையும் கட்டிட்டு டி.சி.ய வாங்கிக்கோ" என்கிற பேச்சு வருகிறது. போகிறவரின் பாடம் தொடர வேண்டுமே என்ற கவலை அந்த மேசையில் யாருக்கும் ஒதுக்கப்பட்ட வேலையாக இல்லை.

இடம்தான் எல்லாம் என்பதற்கு எதிர்ப்பக்கச் சாட்சி, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை. பிள்ளைகள் வாயில் 'லேட்டரல்'. பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்தவர், கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி ஆகியோர் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இதற்காக அனுமதித்த இடங்களில் பத்து சதவீதம் கூடுதலாகத் தருகிறது: அறுபது பேர் வகுப்புக்கு ஆறு இடம். முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இவர்களுக்கே. அண்மை ஆண்டுகளில் இந்தக் கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தி வருகிறது. மதுரையில் 1946 முதல் இயங்கும் தமிழ்நாடு பாலிடெக்னிக்கில் படித்து, காரைக்குடிக் கலந்தாய்வில் இடம் பெற்று, தியாகராசர் பொறியியல் கல்லூரியிலோ வேறெங்கோ இரண்டாம் ஆண்டில் உட்காருவது இந்தப் பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த தடம். ஐ.டி.ஐ. முடித்தவர் பட்டயத்தின் இரண்டாம் ஆண்டில் சேர்வதும் இதே தடத்தின் முந்தைய படி. ஃபிட்டர் வேலை கற்ற ஒருவர் இருபத்திரண்டு வயதுக்கு மேல் பொறியாளராவது நம் கல்வியமைப்பு செய்கிற அரிய நல்ல காரியங்களில் ஒன்று. அதைப் பற்றி யாரும் பெருமைப்பட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

அந்தத் தடத்திலும் ஒரு குழி உண்டு, அதன் பெயர் எம்-3. மூன்றாம் பருவத்துக் கணிதத் தாள். முதலாண்டின் இரண்டு கணிதத் தாள்களையும் படித்துவிட்டு வருகிறவருக்கே அது கடினம். பட்டயத்திலிருந்து வருகிறவர் அவற்றைப் பார்த்திராமல் நேராக ஃபூரியர் தொடருக்குள் இறக்கப்படுகிறார். இயந்திரத்தை அவிழ்த்து மாட்டத் தெரிந்த பையன், பக்கத்துப் பெஞ்சில் அது தெரியாதவன் முன்னால், அரியரோடு நிற்கிறான். இடத்தைக் கொடுத்தார்கள், பாடத்துக்குப் பாலம் போட்ட கல்லூரிகள் சில, போடாதவை பல.

ஆக, நடுவில் ஒருவரைச் சேர்க்க முடியாது என்பதில் உண்மையில்லை. காலியிடம் நிரம்ப வேண்டும் என்று நினைத்தபோது தேர்வும் கலந்தாய்வும் சமநிலைப் பட்டியலும் எல்லாம் அமைந்துவிட்டன.

மருத்துவத்தில் இந்தக் கதவு ஒருகாலத்தில் ஒருக்களித்துத் திறந்திருந்தது. பழைய மருத்துவக் குழுவின் விதிகள், தவிர்க்க முடியாத இரக்கக் காரணங்களுக்காக, ஒரு கல்லூரியின் இடங்களில் ஐந்து சதவீதத்துக்கு மிகாமல் இடமாற்றத்தை அனுமதித்தன. 2023 ஜூனில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட இளநிலை மருத்துவக் கல்வி விதிகள் அதையும் மூடின: ஒரு கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்ட மாணவர் வேறொன்றுக்கு இடமாற்றம் கோரக் கூடாது. இடமாற்றத்தில் பணம் விளையாடியது, தரவரிசையில் பின்தங்கியவர்கள் புறவாசல் வழியாக நல்ல கல்லூரிக்குப் போனார்கள் என்பதெல்லாம் மூடியதற்குச் சொல்லப்படும் நியாயம். நியாயம் இருக்கிறது. ஆனால் திருடன் வருகிறான் என்று புறவாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால், வீடு தீப்பிடிக்கும்போது உள்ளே இருக்கிறவர் என்ன செய்வார்?

தீ அதற்கு முன்பே பிடித்துக் காட்டியிருந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த ஏறத்தாழ இருபதாயிரம் இந்திய மாணவர்கள் திரும்பினார்கள். பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணிசம். இங்குள்ள கல்லூரிகளில் அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிய அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன பதில்: 1956 மருத்துவக் குழுச் சட்டத்திலும் இடமில்லை, 2019 மருத்துவ ஆணையச் சட்டத்திலும் இடமில்லை. நீட் மதிப்பெண் குறைவு என்பதாலோ செலவு குறைவு என்பதாலோதான் இவர்கள் வெளிநாடு போனார்கள் என்றும் அது சேர்த்துக்கொண்டது. மறுபக்கம், 2021 நவம்பரில் வந்த விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு முழுவதும், பயிற்சி உட்பட, ஒரே நிறுவனத்தில் நடந்தால்தான் இங்கே செல்லும். இங்கேயும் சேர முடியாது, வேறு நாட்டுக்கும் மாற முடியாது. குண்டு விழுகிற ஊருக்குத் திரும்பிப் போவது ஒன்றுதான் விதிக்கு உட்பட்ட வழியாக இருந்தது.

கடைசியில் ஆணையமே விதியைத் தளர்த்தியது. 2022 செப்டம்பரில் 'கல்வி நகர்வுத் திட்டம்' என்ற பெயரில் மற்ற நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்து, பட்டத்தை உக்ரைன் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வாங்க ஒத்துக்கொண்டது. உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களை எடுத்துக்கொண்டது. இறுதியாண்டை இணையவழியில் முடித்தவர்களுக்கு, எந்த இந்தியக் கல்லூரியிலும் சேராமலேயே இறுதித் தேர்வின் இரண்டு பகுதிகளையும் எழுத ஒருமுறை வாய்ப்பும், பிறகு இரண்டாண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தீர்வு சொல்லப்பட்டது. தேர்வு எழுதலாம், ஆனால் கல்லூரியில் இடம் கிடையாது! பாடத்தை ஒத்துக்கொள்வார்கள், இடத்தைத் தரமாட்டார்கள். நான் மேலே சொன்ன இட வழிபாட்டுக்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டப் படிப்பைப் பற்றி ஒரு வரி போதும். இந்திய வழக்குரைஞர் குழுவின் 2008 சட்டக் கல்வி விதிகள், ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர் அதைக் காட்டி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பின் நடுவில் நுழைவதையும், நடுவில் ஒரு பட்டத்தோடு வெளியேறுவதையும் தடுக்கின்றன.

அமெரிக்காவை இந்த விஷயத்தில் சொர்க்கமாகக் காட்டுவது வழக்கம். ஓரளவு காரணமும் உண்டு. கலிபோர்னியா மாநிலம் 1960-இல் வகுத்த பெருந்திட்டம், மாறிச் செல்வதைக் கல்வியின் இயல்பான பாதையாகவே வரைந்தது. ஊர்ப்புறத்துச் சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் இரண்டாண்டு, பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. பராக் ஒபாமா ஆக்சிடென்டல் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு 1981-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1983-இல் பட்டம் பெற்றார். "அங்க என்ன பண்ணினானோ" என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே மாணவர் சுமந்து போவது கிரெடிட். முடித்த பாடத்தின் எடை. மாறுகிறவர்களுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி, தனி ஆலோசகர் எல்லாம் உண்டு.

ஆனால் அந்தச் சொர்க்கத்திலும் சுமை வழியில் சிந்துகிறது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி மாறிய மாணவர்கள் தாங்கள் சேர்த்த கிரெடிட்டில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்ததாக மதிப்பிட்டது. சமுதாயக் கல்லூரியில் நுழைகிறவர்களில் ஏறத்தாழ எண்பது சதவீதம் பேர் பட்டம்வரை போகவே விரும்புகிறார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் மாறுகிறார்கள். ஆறாண்டுக்குள் பட்டம் வாங்குகிறவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். புதிய பல்கலைக்கழகம் பழைய பாடத்தை "எடுத்துக்கொள்கிறோம், ஆனால் உன் முதன்மைப் பாடத்துக்கு அது சேராது" என்று சொல்லிவிடுகிறது. நகையை வாங்கிக்கொண்டு செய்கூலி, சேதாரம் கழிக்கிற கடைக்காரரைப் போல. எனினும் சேதாரம் போக மீதி கையில் வருகிறது என்பது வித்தியாசம்.

மதுரையிலிருந்து பாதிப் பட்டத்தோடு அங்கே விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் ஆவணமும், தாள்வாரியான பாடத்திட்டமும் கேட்பார்கள். எத்தனை கிரெடிட் செல்லும் என்பது பெரும்பாலும் சேர்க்கை கிடைத்த பிறகுதான் உறுதியாகும். விசா, விமானச் சீட்டு, வங்கிக் கடன் எல்லாம் முடிந்தபின் "நீ மூன்றாம் ஆண்டல்ல, முதலாண்டு" என்று தெரியவந்தால் கடன் தொகையே வேறாகிவிடும். எழுத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டிய ஒரே தகவல் இதுதான். விடுதியின் படம் அல்ல.

அந்தக் கிரெடிட் முறையைத்தான் இப்போது நாமும் கொண்டுவந்திருக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. மாணவர் பெயரில் கணக்கு. தேறிய பாடங்களின் கிரெடிட் அதில் வரவு. ஏழாண்டு வரை செல்லும். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதியைச் சம்பாதித்திருக்க வேண்டும். எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மதுரைக் கல்லூரிகளிலும் பிள்ளைகள் ஆதாரைக் கொடுத்து அந்தக் கணக்கு எண்ணை வாங்கி வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், "தெரியல சார், எக்ஸாம் ஃபார்ம்ல கேக்குறாங்க" என்கிறார்கள். வரவு வைக்கும் ஜன்னல் திறந்திருக்கிறது. எடுக்கும் ஜன்னல் இன்னொரு கல்லூரியின் காலியிடத்தில் இருக்கிறது, அங்கே பழைய பூட்டே தொங்குகிறது.

இந்த வங்கியோடு கட்டி வந்த பல்முனை நுழைவு–வெளியேற்றம் என்ற திட்டத்தைத் தமிழ்நாடு எதிர்த்தது. ஓராண்டில் ஒரு சான்றிதழ், இரண்டாண்டில் ஒரு பட்டயம் என்று கொடுத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், பாதியில் நிற்பதற்கு அதுவே சாக்காகும் என்பது வாதம். ஒத்தக்கடையைச் சுற்றியுள்ள கிராமங்களைத் தெரிந்த எனக்கு அந்தப் பயம் பொய்யானது என்று சொல்ல வாய் வராது. ஆனால் நாம் எதிர்த்தது வெளியேறும் வாசலை. நுழையும் வாசலையும் அதோடு சேர்த்து மூடி வைத்திருக்கத் தேவையில்லை. நின்றுபோன பிள்ளை திரும்பி வரவும், இடம் மாறிய பிள்ளை தொடரவும் மாநிலமே ஒரு வழி வகுக்கலாம். 2023-இல் மாநில உயர்கல்வி மன்றம் கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் பொதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது, மாணவர்கள் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாக மாறலாம் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தன்னாட்சிக் கல்லூரி ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். தங்கள் பாடத்தைத் தாங்களே வகுக்கும் உரிமைதானே தன்னாட்சி என்றார்கள். அமெரிக்கன் கல்லூரி போன்ற பழம் நிறுவனங்கள் இருக்கிற ஊரில் அந்தக் குரலை லேசாகத் தள்ள முடியாது. எல்லாரும் ஒரே பாடத்தை நடத்தினால்தான் மாணவர் மாற முடியும் என்பது சோம்பேறித்தனமான ஏற்பாடு என்றே எனக்கும் படுகிறது. வேறு வேறு பாடங்களைப் பக்கத்தில் வைத்து எடைபோட ஒரு குழு, ஆண்டுக்கு இருமுறை உட்கார்ந்தால் போதும். காரைக்குடியில் பொறியியலுக்குச் செய்ததைக் கலை அறிவியலுக்குச் செய்ய ஆள் இல்லை என்பதை நான் நம்பவில்லை.

சான்றிதழ் பிடித்துவைக்கும் வழக்கத்துக்கு மட்டும் விதியில் தெளிவு வந்திருக்கிறது. மானியக் குழு 2018 அக்டோபர் அறிவிப்பில், அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், நடப்புப் பருவம் அல்லது ஆண்டைத் தாண்டி முன்கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன் விலகினால் கிட்டத்தட்ட முழுத் தொகை, தேதி கடந்து முப்பது நாள் ஆகிவிட்டால் ஒன்றுமில்லை என்று கட்டணத்துக்கும் படிக்கட்டு வகுத்தது. சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்கும் உரிமை கல்லூரிக்கு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் கூறியிருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் வழக்கு வருகிறது. காரணம் எளிது. வழக்குப் போட்டால் சில மாதம். கட்டணத்தைக் கட்டினால் அன்று மாலையே டி.சி. ஜூலை மாதத்தில் நிற்கிற தகப்பனுக்கு எது மலிவு?

என் அக்கா மகள் இரண்டாம் ஆண்டு முடித்த கோடையில் கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கம் போனாள். அங்கே ஒரு கல்லூரியில் அதே பாடத்தில் இடம் இருந்தது, முதல்வர் சேர்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். இங்கே, பெயர் வேண்டாம், மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தையும் கேட்டார்கள். மாமா மூன்று முறை போய்வந்தார். நான் விதியைக் காட்டி எழுதிக்கொடுத்த மனுவைத் தலைமை எழுத்தர் பொறுமையாக வாசித்துவிட்டு, "நீங்க சொல்றதெல்லாம் சரிதான் சார், மேனேஜ்மென்ட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். டி.சி. ஆவணி பிறந்த பிறகு வந்தது. அதற்குள் அங்கே சேர்க்கை முடிந்திருந்தது. மறு ஆண்டு கரஸ்ஸில் வேறொரு பாடத்தை முதலாண்டிலிருந்து தொடங்கினாள்.

அந்த டி.சி. இப்போதும் என்னிடம் இருக்கிறது. நகல் எடுக்க வாங்கியது, திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். கல்லூரியை விட்டு நீங்கும் காரணம் என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது: 'மாணவியின் சொந்த விருப்பத்தின் பேரில்.'